சத்தம் போடத் தெரியாத தரவுத்தளம்

மைஎஸ்கியூஎல் என்கிற தரவுத்தள மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்குக்கூட இடமில்லை. அந்த நேரம் பார்த்து இணையக் கடையில் யாரோ ஒருவர் ஆர்டர் கொடுக்கிறார். அதை எழுதி வைத்தாக வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ன செய்யும்? காத்திருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை, இடம் கிடைத்ததா என்று பார்க்கும். இல்லையென்றால் இன்னொரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தன்னுடைய லாக் கோப்பில், டிஸ்க் நிரம்பிவிட்டது, யாராவது இடம் ஒழித்துத் தந்தால் தொடர்கிறேன் என்கிற பொருளில் ஒரு வரி எழுதி வைக்கும். அவ்வளவுதான் அதன் புகார். அந்த லாக் கோப்பும் அதே டிஸ்க்கில் இருந்துவிட்டால் அந்தப் புகாருக்கும் வழியில்லை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் கொஞ்சம் ரோஷக்காரத் தரவுத்தளம். எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் அடுத்த அடி வைக்கும். அந்தக் குறிப்பேட்டுக்கு இடமில்லாமல் போனால், இனி என்னால் ஆகாது என்று நின்றே விடும். ஒன்று காத்திருக்கிறது, இன்னொன்று நின்றுவிடுகிறது. இரண்டுமே யாரையும் கூப்பிடுவதில்லை. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் அட்டை என்று நம்முடைய நாளில் பாதி ஏதாவது ஒரு தரவுத்தளத்துக்குள்தான் நடக்கிறது. அது தடுமாறும்போது முதலில் தெரிந்துகொள்வது பெரும்பாலும் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்தான். அவருக்கு முன்னால், பராமரிக்கும் பொறியாளருக்குத் தெரிய வேண்டும். அதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடுதான் தானாக வரும் எச்சரிக்கை மெயில்.

கேட்பதற்கு இது ரொம்பச் சாதாரணமான வேலை. ஒரு சின்ன நிரல் நிமிடத்துக்கு ஒரு முறை தரவுத்தளத்துக்குள் போய்ச் சில கேள்விகள் கேட்கும். டிஸ்க்கில் எவ்வளவு இடம் பாக்கி? எத்தனை பேர் இணைப்பில் இருக்கிறார்கள்? நகல் சர்வர் மூல சர்வருக்கு எத்தனை வினாடி பின்தங்கியிருக்கிறது? கடைசி பேக்கப் எப்போது எடுத்தது? பதிலாக வரும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால் மெயில் போகும். கணினிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடக்கூடியது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு ஒருவர் நம்பி எழுந்து உட்காரும்படியான எச்சரிக்கையை அமைப்பது வேறு வித்தை. அதற்கென்றே மென்பொருள்கள் பிறந்திருக்கின்றன. 1999இல் ஈத்தன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் வெளியிட்டுப் பின்னால் நாகியோஸ் என்று பெயர் பெற்றது ஒன்று. லாத்வியாவில் ரீகா நகரத்தில் உருவான ஸாபிக்ஸ் இன்னொன்று. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கிய பிராமிதியஸ் இன்றைக்குப் பரவலாகப் பேசப்படுவது.

சில தரவுத்தளங்கள் இந்த வேலையைத் தாமே செய்துகொள்ளும். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரில் 2005 பதிப்பிலிருந்து 'டேட்டாபேஸ் மெயில்' என்ற வசதி இருக்கிறது. இன்ன பிழை வந்தால் இன்னாருக்கு எழுது என்று அமைத்துவிடலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. அனுப்ப வேண்டிய மெயிலை அது முதலில் அதே சர்வருக்குள் இருக்கும் எம்எஸ்டிபி என்ற தரவுத்தளத்தில் வரிசையில் போட்டுவிட்டுத்தான் அனுப்பும். சர்வரே விழுந்துவிட்டால், விழுந்த சேதியை எழுத ஆளில்லை. ஆகவே கண்காணிக்கிறவர் வெளியே இருக்க வேண்டும் என்பது முதல் விதி.

வெளியே இருந்தாலும் உள்ளே நுழைய முடிய வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை அப்படியே நிறுவினால் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். நூறும் நிரம்பிய தருணத்தில்தான் கண்காணிப்பு நிரலுக்கு உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் வருகிறது. அதே தருணத்தில்தான் 'இடமில்லை' என்று அதையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். இதை யோசித்தவர்கள், அந்த நூறில் மூன்று இணைப்புகளை முழு அதிகாரம் உள்ள பயனருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். வெறுமனே எட்டிப் பார்க்கும் நிரலுக்கு முழு அதிகாரம் கொடுப்பது ஆபத்து என்ற தொல்லை அப்போதும் பாக்கி. அதிகாரம் குறைந்த கணக்குகளுக்கும் இப்படி இடம் ஒதுக்கலாம் என்ற வசதி 2023இல் வந்த 16ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. மூன்று நாற்காலி சமாசாரத்துக்கு இத்தனை வருஷமா என்று தோன்றும். இந்தத் துறை இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சின்ன வசதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய தூக்கம் கெட்ட ராத்திரி இருக்கிறது.

*

வரம்புக்கு வருவோம். டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பினால் கத்த வேண்டும்? ஆரக்கிள் தரவுத்தளத்தில் சேமிப்பிடம் 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை, 97 ஆனால் ஆபத்து என்று பிறவியிலேயே அமைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பலரும் அதைத் தொடுவதே இல்லை. எனக்கு இந்தச் சதவீதக் கணக்கின் மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. இரண்டு டெராபைட் டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினாலும் 200 ஜிபி மிச்சம் இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு ஜிபி வளர்ந்தால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும். மணிக்குப் பத்து ஜிபி வளர்ந்தால் நாளைக்கு இந்நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். எண் ஒன்றுதான், நிலைமை இரண்டு. பொறியாளருக்குத் தேவை சதவீதமே அல்ல, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது.

அதைக் கணக்கிடுவது பள்ளிக்கூடத்துக் கணிதம்தான். கடந்த ஒரு மணி நேரத்தின் அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, அவற்றின் ஊடே பொருத்தமான நேர்கோடு ஒன்றை இழுத்து, அந்தக் கோட்டை எதிர்காலத்துக்குள் நீட்டினால், காலி இடம் எப்போது பூஜ்யத்தைத் தொடும் என்று தெரிந்துவிடும். பிராமிதியஸில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. 'இன்னும் நாலு மணி நேரத்தில் டிஸ்க் நிரம்பும் போலிருந்தால் மட்டும் சொல்' என்று அதனிடம் கேட்டுவைக்கலாம். சதவீதத்தை நம்பும் ஏற்பாடு அனுப்புவது 'டிபி-07: டிஸ்க் 91 சதவீதம்' என்ற ஒற்றை வரி. படித்தவருக்குப் புரண்டு படுக்கத்தான் தோன்றும். நன்றாக அமைத்த மெயில் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'ஆர்டர் தரவுத்தளம் இருக்கும் டிபி-07இன் டிஸ்க் காலை 6 மணிவாக்கில் நிரம்பும். நேற்றிரவு 11 மணியிலிருந்து மணிக்கு 8 ஜிபி வேகத்தில் வளர்கிறது. வளர்வது லாக் கோப்புகள் மட்டும். முதலில் பார்க்க வேண்டியது நகல் சர்வரின் இணைப்பு.' இதைப் படித்தவர் எழுந்து விளக்கைப் போடுவார்.

இன்னொரு தொல்லை எல்லைக்கோட்டில் ஊசலாடுவது. வரம்பு 90 என்றால், அளவு 89.9க்கும் 90.1க்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும் நாட்கள் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 'ஆபத்து' என்று ஒன்று, 'சரியாகிவிட்டது' என்று ஒன்று. காலையில் பார்த்தால் மெயில்பெட்டி முழுக்க இதுதான். வழி எளிது. 90இல் ஏறும்போது கத்து, 85க்குக் கீழே இறங்கிய பிறகுதான் சரியாயிற்று என்று சொல். ஏறுவதற்கு ஒரு கோடு, இறங்குவதற்கு வேறு கோடு. நாகியோஸ் இன்னும் ஒரு படி போகிறது. கடைசி 21 சோதனைகளின் முடிவை நினைவில் வைத்துக்கொண்டு, நிலை அடிக்கடி மாறுகிறதென்றால், இது ஊசலாடுகிறது என்று தானே தீர்மானித்து வாயை மூடிக்கொள்ளும்.

பொய் எச்சரிக்கைகளின் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஐம்பது சர்வர், ஒவ்வொன்றிலும் இருபது அளவுகள், நிமிடத்துக்கு ஒரு சோதனை. ஒரு நாளைக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் சோதனைகள். பத்தாயிரத்தில் ஒன்றுதான் பொய்யாக அடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் தினம் 144 பொய் மெயில்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று. பத்தாயிரத்தில் ஒன்று தவறுவது என்பது எந்த அலுவலகத்திலும் பாராட்டு வாங்கித்தரக்கூடிய துல்லியம். இங்கே அது போதவில்லை, ஏனென்றால் கேள்வியை நாம் அத்தனை லட்சம் முறை கேட்கிறோம். தொடர்ந்து மூன்று சோதனையிலும் தவறினால்தான் மெயில் என்று மாற்றினால் பொய்கள் ஏறக்குறைய காணாமல் போய்விடும். தவறுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வந்தால் மட்டும். அப்படி வருவதில்லை என்பதுதான் தலைவலி. நெட்வொர்க்கில் ஒரு கருவி தும்மினால் ஐம்பது சர்வரும் ஒரே நிமிடத்தில் 'செத்துப்போகும்'. ஆகவே ஒரே வேரிலிருந்து கிளம்பிய ஐம்பது புகார்களை ஒரே கடிதமாகக் கட்டும் வேலையும் சேர்ந்துகொண்டது. பிராமிதியஸோடு வரும் அலர்ட்மேனேஜர் முதல் புகார் வந்ததும் உடனே அனுப்பிவிடாது. அதோடு வேறு என்னென்ன வருகிறது என்று அரை நிமிடம் பொறுத்துப் பார்த்து, சேர்த்து அனுப்பும். சரியாகவில்லை என்றால் நாலு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி நினைவூட்டும்.

இந்தப் பொறுமையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் கதையைச் சொல்லலாம். அது தரவுத்தளக் கதை அல்ல, பங்குச் சந்தைக் கதை. ஆனாலும் எச்சரிக்கை மெயில் அமைக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு புதிய வர்த்தகத் திட்டம் தொடங்கவிருந்தது. அதற்காக நைட் தன்னுடைய எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விட்டுப்போயிற்று. அதில் 2003க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத 'பவர் பெக்' என்ற பழைய நிரல் அப்படியே கிடந்தது. காலை 8:01 மணி முதல் நிறுவனத்தின் கணினிகள், பவர் பெக் பெயரைச் சொல்லும் பிழைக் குறிப்போடு ஊழியர் குழு ஒன்றுக்கு மெயில் அனுப்பத் தொடங்கின. சந்தை திறக்கும் 9:30க்குள் 97 மெயில்கள் போயிருந்தன. முழுசாக ஒன்றரை மணி நேர அவகாசம். சந்தை திறந்த 45 நிமிடத்தில், அந்த ஒரு சர்வர் 212 ஆர்டர்களை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களாகப் பெருக்கித் தள்ளியது. நஷ்டம் 46 கோடி டாலர். அந்த மெயில்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அமைக்கப்பட்டவை அல்ல, வந்தபோது ஊழியர்கள் பொதுவாக அவற்றைப் பார்ப்பதும் இல்லை என்று அடுத்த ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில் பதிவாயிற்று. சேதி சரியாக இருந்தது. சரியான நேரத்தில் வந்தது. திரும்பத் திரும்பவும் வந்தது. அதைப் படிப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. எஸ்கியூஎல் சர்வரில் பிழைகளுக்குத் தீவிர எண் இருக்கிறது. 19 அல்லது அதற்கு மேல் போனால் மெயில் அனுப்பு என்று அமைப்பது வழக்கம். பிழை எண் 825 என்று ஒன்று வரும். டிஸ்க்கிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்க முயன்றேன், முதலில் முடியவில்லை, திரும்ப முயன்றபோது கிடைத்துவிட்டது என்பது அதன் பொருள். டிஸ்க் சாகப்போவதற்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடைக்காது. ஆனால் கடைசியில் படிக்க முடிந்துவிட்டதே, அதனால் அதன் தீவிரம் வெறும் 10. தகவலுக்காக மட்டும் என்ற வகையில் சேர்த்துவிட்டார்கள். 19இலிருந்து கணக்குப் போட்டவருடைய மெயில்பெட்டிக்கு அது வரவே வராது. அனுபவப்பட்ட தரவுத்தள நிர்வாகிகள் 825க்கு மட்டும் கையால் தனி எச்சரிக்கை எழுதி வைப்பார்கள்.

*

இனி மெயில் போகும் பாதை. அனுப்பு என்ற பொத்தானுக்கும் வந்து சேர்வதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிக் கொடுத்த விதிகளின்படிதான் இன்றைக்கும் ஒரு மெயில் சர்வர் இன்னொன்றோடு பேசுகிறது. பேச்சு எல்லாம் மூன்று இலக்க எண்களில். 2இல் தொடங்கினால் சரி, பெற்றுக்கொண்டேன். 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, அப்புறம் வா. 5 என்றால் வராதே. 'அப்புறம் வா' என்று சொல்லிவிட்டால் அனுப்புகிற சர்வர் குறைந்தது அரை மணி நேரம் விட்டு மறுபடி முயல வேண்டும், நாலைந்து நாள் வரைக்கும் விடாமல் முயன்று பார்க்க வேண்டும் என்கிறது விதி. கடிதங்களுக்கு இது அருமையான விதி. திங்கட்கிழமை நிரம்பிய டிஸ்க்கைப் பற்றி வெள்ளிக்கிழமை தெரிந்துகொள்வதற்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். மெயில் என்பது அவசரத்துக்குப் பிறந்த சாதனமே அல்ல. கட்டாயம் சேர்ந்தாக வேண்டும், நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று நினைத்தவர்கள் செய்தது.

போஸ்டலின் விதிகளில் இன்னொன்றும் இல்லை: அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று பார்க்கும் வழி. யார் பெயரையும் போட்டு யாரும் அனுப்பலாம். ஸ்பாம் பெருகிய பிறகு மேலே மேலே பூட்டுகள் வந்தன. எந்தெந்த சர்வர் என் பெயரில் அனுப்பலாம் என்று பட்டியல் போடுவது ஒன்று. மெயிலின் மேல் மின் கையொப்பம் இடுவது இன்னொன்று. இந்த இரண்டிலும் தவறினால் என்ன செய்வது, விட்டுவிடுவதா, ஸ்பாமில் போடுவதா, திருப்பி அடிப்பதா என்று டொமைன் சொந்தக்காரரே அறிவித்து வைப்பது மூன்றாவது. அதற்கு டீமார்க் என்று பெயர். மோசடிக்காரர்களை நிறுத்துவதற்காக வந்த இந்தப் பூட்டு 2017 ஜனவரியில் வேறு ஒரு மெயிலை நிறுத்தி வைத்திருந்தது.

கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை வைத்துப் பராமரிக்கும் இணையதளம். 2017 ஜனவரி 31 இரவு அதன் முதன்மைத் தரவுத்தளத்தில் சுமை ஏறி, நகல் சர்வர் பின்தங்கி, கடைசியில் நகலெடுப்பதே நின்றுபோனது. நகல் சர்வரில் இருப்பதைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நகலெடுக்க வேண்டும். அதற்கான கட்டளை ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அது மூல சர்வரிடமிருந்து தரவு வருவதற்காகக் காத்திருந்தது, காத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. முந்தைய முயற்சி விட்டுச்சென்ற கோப்புகள்தான் வழிமறிக்கின்றன என்று நினைத்த பொறியாளர் அந்த அடைவை அழிக்கக் கட்டளை கொடுத்தார். ஓரிரு வினாடியில் திரையைப் பார்த்தார். அழிந்துகொண்டிருந்தது நகல் சர்வரான டிபி2 அல்ல, டிபி1. மூல சர்வர். உடனே நிறுத்தினார். 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். தினம் ஒரு முறை முழுத் தரவுத்தளத்தையும் எடுத்து அமேசானின் சேமிப்பகத்தில் போடும் ஏற்பாடு இருந்தது. அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.6. பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழை வந்தால் மெயில் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. யுனிக்ஸ் உலகில் குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் கிரான் என்ற பழைய நிரல் அதை ஒழுங்காகச் செய்துவந்தது, மெயில்களும் போயின. ஆனால் அவற்றில் முறையான கையொப்பம் இல்லை. டீமார்க் சோதனையில் தவறி, பெறுகிற சர்வர் அவற்றை வாசலிலேயே நிராகரித்துவிட்டது. கிரான் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது ஏற்பாடு அல்ல, தற்செயல். அன்று மாலை வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் தரவுத்தளத்தின் நகல் ஒன்றைக் கையால் எடுத்து வைத்திருந்தார். ஆறு மணி நேரம் பழசு. அதை வைத்து, மெதுவான டிஸ்க்குகளிலிருந்து மணிக்கணக்கில் நகலெடுத்து, அடுத்த நாள் மாலைதான் தளத்தைத் திரும்பத் திறந்தார்கள். இடையில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் போனது போனதுதான். மீட்பு வேலை முழுவதையும் யூடியூப்பில் நேரலையாகக் காட்டினார்கள். இப்படி ஒரு நிறுவனம் தன் காயத்தை ஊரறியத் திறந்து காட்டியதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். அதனால்தான் மெயில் நிராகரிக்கப்பட்ட அந்தச் சிறு விவரம்கூட நமக்குத் தெரிந்திருக்கிறது.

*

பேக்கப் எடுக்கும்போது பிழை வந்தால் மெயில் போடு என்பது இயல்பாகத் தோன்றும் ஏற்பாடு. அதன் குறை இப்போது தெரிகிறது. மெயில் வராத காலை ஒன்றுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எல்லாம் சரியாக நடந்திருக்கலாம். அல்லது சொல்ல வேண்டியவரும் சேர்ந்து விழுந்திருக்கலாம், கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம், கிரான் ஓடாமலே இருந்திருக்கலாம். மெயில்பெட்டியைப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

ராத்திரி ரோந்து வரும் கூர்க்காவின் விசில் சத்தம் நம் ஊர்த் தெருக்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். திருடன் வந்துவிட்டான் என்பதற்காக அவர் ஊதவில்லை. நான் இருக்கிறேன் என்பதற்காக ஊதினார். தூக்கத்தில் பாதிக் காதில் அது விழுந்தால் புரண்டு படுப்போம். இரண்டு நாள் சத்தமே இல்லை என்றால்தான் யாராவது விசாரிப்பார்கள். கண்காணிப்பு உலகத்தில் இந்த ஏற்பாட்டுக்கு இதயத்துடிப்பு என்று பெயர். பேக்கப் நிரல் தோற்றால் கத்துவதற்குப் பதிலாக, வெற்றிகரமாக முடிந்ததும் வெளியே இருக்கும் ஒரு காவல் நிரலுக்கு 'முடிந்தது' என்று ஒரு சிறு தகவல் அனுப்பும். ராத்திரி மூன்றரைக்குள் அந்தத் தகவல் வராவிட்டால் காவல் நிரல் சத்தம் போடும். பேக்கப் தோற்றாலும், கிரான் ஓடாவிட்டாலும், சர்வர் எரிந்தே போனாலும், தகவல் வழியில் தொலைந்தாலும் முடிவு ஒன்றுதான்: சத்தம் வரும். பிராமிதியஸ் வைத்திருப்பவர்கள் 'வாட்ச்டாக்' என்று ஓர் எச்சரிக்கையை எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும்படி அமைப்பார்கள். அது நின்றால்தான் ஆபத்து.

அந்த வெளிக் காவலரை யார் காப்பது? வேதாந்தமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். நடைமுறையில் இரண்டு காவலர்களை வெவ்வேறு இடத்தில் வைத்து ஒருவரை ஒருவர் பார்க்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இருவருக்கும் பொதுவாக எதுவுமே இருக்கக் கூடாது. ஒரே மெயில் சர்வர் கூடாது, ஒரே டேட்டா சென்டர் கூடாது. கிட்லேப் விபத்து நடந்து நாலே வாரத்தில், 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 சேமிப்பகம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சில மணி நேரம் படுத்துவிட்டது. எந்தச் சேவை எப்படி இருக்கிறது என்று ஊருக்குக் காட்டும் அமேசானின் நிலைப்பலகையை முதல் இரண்டு மணி நேரத்துக்கு மாற்றவே முடியவில்லை. அந்தப் பலகையைத் திருத்தும் கருவியும் எஸ்3ஐ நம்பித்தான் இருந்தது. மெயில் அனுப்பும் தொழிலிலேயே இருக்கும் மேண்ட்ரில் சேவைக்கு 2019 பிப்ரவரியில் வந்த சோதனை இன்னும் வேடிக்கை. அது நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல், தன் பரிவர்த்தனைகளுக்கு 32 பிட் வரிசை எண் கொடுக்கும். மொத்தம் சுமார் 429 கோடி எண்கள், சுற்றிச் சுற்றி வருபவை. பழைய எண்களைக் கழித்துவிடும் துப்புரவு வேலை பின்தங்கினால், பழையதும் புதியதும் குழம்பிவிடாமல் இருக்கத் தரவுத்தளம் புது எழுத்துகளை ஏற்க மறுத்துவிடும். அப்படித்தான் மறுத்தது. உலகத்தின் எச்சரிக்கை மெயில்களில் எத்தனை அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தனவோ.

கடைசிப் படி மனிதர். மெயில் போய்ச் சேர்ந்தது என்று சர்வர் சொல்லும். படித்தார் என்று சொல்லாது. அதனால் பெரிய இடங்களில் எச்சரிக்கை மெயிலைத் தனியாக விடுவதில்லை. பேஜர்ட்யூட்டி மாதிரியான சேவைகள் முதலில் இந்த வாரம் யாருடைய முறை என்று பட்டியலைப் பார்க்கும். அவருக்கு அனுப்பும். 'பார்த்துவிட்டேன்' என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தக் காத்திருக்கும். குறித்த நிமிடத்துக்குள் அழுத்தவில்லை என்றால் தொலைபேசியில் அழைக்கும். எடுக்காவிட்டால் அடுத்தவர், அவரும் இல்லையென்றால் அவர் மேலாளர். மெயிலின் வேலை இந்தச் சங்கிலியில் பதிவுக்காகவும் விவரத்துக்காகவும் என்று சுருங்கிவிட்டது. அவசரம் இல்லாத சேதிகளுக்கு, அடுத்த மாதம் டிஸ்க் வாங்க வேண்டியிருக்கும் என்பது போன்றவற்றுக்கு, அது இன்னும் நல்ல ஊர்திதான். மணிக்கு இருபது வந்து விழும் குழு முகவரிக்கு மட்டும் எதையும் அனுப்பக் கூடாது. குழுவுக்கு வந்த கடிதத்தை, மற்றவர் பார்த்திருப்பார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

கிட்லேப் விபத்துக்குப் பிறகு அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் ஏன், ஏன் என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். பேக்கப் ஏன் இல்லை, மெயில் ஏன் வரவில்லை என்று தொழில்நுட்பக் காரணங்கள் எல்லாம் வந்த பிறகு, பேக்கப்பை அவ்வப்போது ஏன் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று ஒரு கேள்வி. அதற்கு அவர்கள் எழுதிய பதில், அந்த வேலைக்கு யாரும் பொறுப்பாக இல்லை என்பது. செய்ய வேண்டியவை என்று தொடர்ந்து வரும் பட்டியலில் பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் சோதனையைத் தானியங்கியாக்குவது இருக்கிறது, தரவுகளின் பாதுகாப்புக்கு ஓர் ஆளைப் பொறுப்பாளராக நியமிப்பதும் இருக்கிறது.